சுகந்தியின் சிரிப்பும் என் டார்ச் லைட்டும்

அன்புள்ள கதிருக்கு,

நீ இதைப் படிக்கிறபோது கல்யாணம் முடிந்திருக்கும். மண்டபத்துச் சாவியைத் திருப்பிக் கொடுத்திருப்போம். வாசல் வாழைமரத்தை ஆடு தின்று தீர்த்திருக்கும். மிஞ்சிய லட்டை யார் யார் வீட்டுக்கு அனுப்புவது என்று கேட்டுக் கேட்டு உன் அப்பா என்னிடம் திட்டு வாங்கிக்கொண்டிருப்பார். இன்றைக்கு முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கிறது. விட்டுப்போன ஜவுளியை எடுக்க எல்லாரும் கடைக்குப் போயிருக்கிறார்கள். கால்வலி என்று பொய் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் சொல்லலாமே என்பாய். நேரில் ஆரம்பித்தால் நான் பாடம் நடத்துவேன், நீ செல்போனை எடுப்பாய், இரண்டு பேருக்கும் கோபம் வரும். நன்றி சொல்ல வந்த இடத்தில் சண்டை எதற்கு? நடுவில் புத்திமதி வந்து விழுந்தால் பொறுத்துக்கொள், அது வாத்தியார் வியாதி. இந்தக் கல்யாணம் என் ஒருத்தியால் நின்றுபோகப் பார்த்தது. அதில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியைச் சொல்லாமல் உங்களைத் தனிக்குடித்தனம் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

சின்ன வயதில் உன் பள்ளிக்கூடத்தில் அம்மா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டதற்கு, "பல்லுப் பார்க்கிறாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாய், ஞாபகம் இருக்கிறதா? உன் வகுப்பு டீச்சர் என்னைப் பல் டாக்டர் என்று நினைத்து, தன் கடைவாய்ப் பல்லைக் காட்டப் பள்ளி ஆண்டுவிழாவில் என்னை ஓரமாக அழைத்துப் போனார். சுற்றுச்சூழல் படிப்பு, அதில் குடிக்கிற தண்ணீரால் உடம்புக்கு வரும் ஆபத்தைக் கணக்கிடுவது என்று நான் விளக்கியதும் அந்த அம்மாவின் முகத்தில் வந்த ஏமாற்றத்தை இன்றும் மறக்கவில்லை. ஆனால் நீ சொன்னதும் பொய் இல்லை. நம் பக்கத்துப் பாறைக்கு அடியிலிருந்து வரும் போர்த் தண்ணீர் சிலதில் ஃப்ளோரைடு என்று ஒரு உப்பு கரைந்திருக்கிறது. அளவோடு இருந்தால் பல்லுக்கு நல்லதுதான். அளவு மிஞ்சினால், வளரும் பிள்ளைகளின் பல்லில் முதலில் வெள்ளைத் திட்டு வரும், பிறகு மஞ்சள், பிறகு காவிக் கோடு. முளைக்கும்போதே பல்லோடு சேர்ந்து வருவது, தேய்த்தால் போகாது. வயதானவர்களுக்கு முட்டியும் முதுகும் பிடித்துக்கொள்ளும். தண்ணீரை பாட்டிலில் பிடித்து லேபில் சோதித்தால் ஒரு எண் கிடைக்கும். அந்தத் தண்ணீர் ஆளை என்ன செய்தது என்று அந்த எண் சொல்லாது. அதற்குப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, "ஈ காட்டு" என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பார்த்துப் பார்த்து எனக்குக் கண் அப்படியே பழகிவிட்டது. யார் சிரித்தாலும், பல்லில் திட்டு எந்த அளவு என்று எனக்குள் ஒரு எண் விழும். நீ உன் சிநேகிதர்களை வீட்டுக்குக் கூட்டி வரும்போது வாசலிலேயே, "எங்கம்மா முன்னாடி சிரிக்காதீங்கடா" என்று எச்சரித்துக் கூட்டி வருவாய். அவர்கள் உம்மென்று உட்கார்ந்து பூரி சாப்பிட்டதைப் பார்த்து, இந்தப் பிள்ளைகளுக்கு என்ன மரியாதை என்று நான் மெச்சியிருக்கிறேன். அடேயப்பா, எம்புட்டுப் பெரிய படிப்பாளி நான்!

நம் வீட்டு ஃப்ரிட்ஜில் பாலுக்கும் மாவுக்கும் இடம் இருந்ததில்லை. ஊர் ஊராகப் பிடித்து வந்த தண்ணீர் பாட்டில்கள்தான் வரிசையாக நிற்கும். ஒரு சித்திரை வெயிலில் ரயில்வே டூட்டி முடிந்து வந்த உன் அப்பா, ஒரு பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார். லேபிள் ஒட்டியிருந்ததைக் கவனிக்கவில்லையாம். அந்த ஒரு பாட்டிலுக்காக நான் மறுபடி மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, கொட்டாம்பட்டியில் இறங்கி, அங்கிருந்து உள்ளே ஒரு கிராமத்துக்கு மினி பஸ்ஸில் போக வேண்டியதாயிற்று. நான் கத்தின கத்தலுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றே ஒன்றுதான்: "தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு." அதுதானே சங்கடம். நிறம் இல்லை, வாடை இல்லை, இனிப்பாகக்கூட இருக்கும். கெட்ட தண்ணீர் என்று சொல்லப் போனால் நம்மைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். மறுநாள் காலையில் தான் குடித்த பாட்டிலைக் கழுவி, எனக்கு மதியச் சாப்பாட்டையும் கட்டி, பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டவரும் அவர்தான். நான் ஊர் ஊராக அலைந்த நாளெல்லாம் உனக்குத் தலை சீவிவிட்டவர் அவர். நான் ப்ரொஃபசர் ஆனபோது மாலையை என் கழுத்தில் போட்டார்கள். அதில் பாதியை அறுத்து அவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

அந்தக் கிராமத்தைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் வரும். வந்தவர்கள் அதைக் குடித்த பிறகுதான் பேச்சு. அந்தத் தண்ணீர் சரியில்லை என்று சொல்லப் போனவள் அதைக் குடிக்கலாமா என்று என்னோடு வந்த மாணவிகள் விழிப்பார்கள். நான் எப்போதும் குடித்துவிடுவேன். அவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை நான் வாயில் வைக்க மாட்டேன் என்றால், பிறகு அந்தப் பிள்ளைகளின் வாயைத் திறக்கச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? "ஒரு நாளைக்கு எம்புட்டுத் தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்பது என் கணக்குக்கு முக்கியம். ஒரு பெரியவர், "தாகம் எடுக்குற அம்புட்டும்" என்றார். அவர் காலையிலிருந்து வெயிலில் களை வெட்டியவர். புத்தகத்தில் போட்டிருந்த அளவு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்களுடையது. அந்த ஊருக்கு நான் போட்ட கணக்கெல்லாம் அன்றைக்குத் திரும்பப் போட்டேன்.

எல்லாம் முடிந்து கட்டுரை எழுதப்போகிறேன் என்று சொன்னபோது அந்த ஊர்ப் பெண்கள் சிலர் என்னைப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நிறுத்திக்கொண்டார்கள். அவர்களில் ஒருத்தி சொன்னாள்: "நீங்க என்ன வேணா எழுதிக்கங்க டீச்சர். ஊர் பேரை மட்டும் போட்றாதீக. எங்க பொம்பளப் பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை வராது." ஏற்கெனவே பெண் பார்க்க வருகிறவர்கள் பல்லைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் பெயரைப் போடவில்லை. ஊருக்கு ஓர் எழுத்தை வைத்து எழுதினேன். கட்டுரையைப் பரிசீலித்தவர்கள் இடத்தைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள், நான் மறுத்தேன், அது வெளிவர ரொம்ப நாள் ஆயிற்று. கூட வேலை பார்த்தவர்கள் கேட்டால்கூட அந்தப் பக்கம் ஒரு ஊர் என்பேன். உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. கருத்தரங்குகளில் பேசியதைவிட இந்த ஒரு வாய்ப்பூட்டில்தான் எனக்குப் பெருமை ஜாஸ்தி. இந்தப் பெருமைதான் பிறகு என் தலையில் விடிந்தது.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ சுகந்தியைப் புதூர் வீட்டுக்கு முதல்முறையாகக் கூட்டி வந்தாய். மேலூர் பேங்கில் உன் பக்கத்து கவுண்டரில் வேலை பார்க்கிற பெண், கொட்டாம்பட்டிப் பக்கம் சொந்த ஊர், இவ்வளவுதான் சொல்லியிருந்தாய். நான் இடியாப்பமும் கறிக்குழம்பும் வைத்திருந்தேன். வந்த பெண் நேராக அடுப்படிக்கு வந்து தேங்காய்ப்பாலைப் பிழிய உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது, இதை நீ நம்ப வேண்டும். சாப்பிட உட்கார்ந்ததும் உன் அப்பா, வழக்கம்போல, பாட்டில் தண்ணீரைக் குடித்த கதையை எடுத்தார். சுகந்தி வாய்விட்டுச் சிரித்தாள். மேல் வரிசையில் முன்பல் எல்லாவற்றிலும் காவிக் கோடு. என் கை என்னைக் கேட்காமலே போய் அவள் நாடியைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பியது. "கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்பும்மா. எந்த ஊர்த் தண்ணி குடிச்சு வளர்ந்தே?" என்று கேட்டேன். கேட்ட வாய் மூடுவதற்குள் தப்பு என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவள் சிரிப்பு அப்படியே நின்றது. இடது கையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள். மீதிச் சாப்பாட்டை அந்தக் கைக்குப் பின்னால்தான் சாப்பிட்டாள். ஊருக்கு உபதேசம் என்பார்களே, அந்த லட்சணம்.

அதன் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். உன் அத்தை விஷயத்தைக் கேள்விப்பட்டு வந்து, தனக்குத் தெரிந்த இடத்தில் பல்லுக்கு மேல் வெள்ளையாக உறை போட்டுவிடலாம், கல்யாண போட்டோவில் பளிச்சென்று இருக்கும் என்று நல்லெண்ணத்தோடு சொல்ல, நீயும் வெகுளியாக அதைப் போய் சுகந்தியிடம் சொல்ல, அவள் கொஞ்ச நாள் போகட்டும் என்று போன் எடுப்பதை நிறுத்திவிட்டாள். பக்கத்துக் கவுண்டரில் இருந்துகொண்டே பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உன் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. நீ என்னோடும் பேசவில்லை. ஒரு நாள் மட்டும், செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாய்: "ஆராய்ச்சிக்குப் பார்த்தீங்களா, மருமகளாப் பார்த்தீங்களான்னு அவ கேக்குறாம்மா. நான் என்ன சொல்ல?"   அன்றைக்கு நீ என்னிடம் கத்தியிருக்கலாம். கத்தாமல் கேள்வியை மட்டும் வைத்துவிட்டுப் போனாய். அதற்கு உனக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன், தம்பி. கத்தியிருந்தால் நானும் கத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். இது உனக்குத் தெரியாத பாதி. கொட்டாம்பட்டியில் இறங்கி ஊர்ப் பெயரைச் சொல்லி மினி பஸ் விசாரித்தேன். சுகந்தியின் ஊர் எது என்று, நீ பேச்சை நிறுத்துவதற்கு முன்னால், உன்னிடம் கேட்டு வாங்கியபோதே தெரிந்ததுதான், ஆனாலும் அந்தப் பஸ்ஸில் ஏறியபோதுதான் உறைத்தது. நான் பெயர் போடாமல் காப்பாற்றிய ஊர் அது. எங்கள் பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை வராது என்று என்னைக் கெஞ்சிய ஊர். அந்த ஊர்ப் பெண்ணைப் பல் பார்த்துக் கூசவைத்த மாப்பிள்ளை வீடு கடைசியில் யார் வீடு? என் வீடு. இறங்கியதும் பேசாமல் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். அதே பள்ளிக்கூடம், அதே வேப்பமரம். சுகந்தியின் அம்மா வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு சொம்பைக் கொண்டுவந்து நீட்டினார். "இப்ப ஆத்துத் தண்ணி வருது டீச்சர். பயப்படாமக் குடிங்க" என்றார். நான் குடித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. சொம்பு முகத்தை மறைத்ததால் தப்பித்தேன்.

சுகந்தி உள்ளேயிருந்து வந்து சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். கை வாயில்தான் இருந்தது. நான் பஸ்ஸில் மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பை ஆரம்பித்தேன். அவள் என்னை முடிக்க விடவில்லை.

"மேடம், நான் நாலாப்பு படிக்கையில நீங்க எங்க பள்ளிக்கூடத்துக்கு வந்தீங்க. எனக்கும் டார்ச் அடிச்சுப் பார்த்தீங்க. இது தேய்ச்சா போகுமான்னு உங்ககிட்ட கேட்டேன். 'இது அழுக்கு இல்லடா, தண்ணி செஞ்ச வேலை, உன் மேல தப்பே இல்ல'ன்னு சொன்னீங்க. அதுவரைக்கும் எங்கம்மா செங்கப்பொடி வச்சுத் தேய்ச்சு விடும். ஈறெல்லாம் ரத்தம் வரும். நான் வீட்டுக்கு வந்து நீங்க சொன்னதைச் சொன்னேன். அன்னையோட நின்னுச்சு."

அவள் அம்மா தலையைக் குனிந்துகொண்டு நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பிள்ளையை ஞாபகம் இல்லை, கதிர். எத்தனையோ பிள்ளைகள், எல்லாப் பிள்ளையும் அதைத்தான் கேட்கும், நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். என் பேருக்கு முன்னும் பின்னும் இருக்கிற பட்டங்களைக் கூட்டிக் கழித்தாலும், ஒரு பிள்ளையின் ஈறில் ரத்தம் நின்றதற்கு ஈடாக எதுவும் என் கையில் இல்லை. அது எனக்குத் தெரியாமலே இத்தனை வருசம் இங்கே இருந்திருக்கிறது. ஆனால் அவள் அதைச் சொல்லி என்னைக் குளிரவைக்க வரவில்லை.

"நீங்கதான் கதிருக்கு அம்மான்னு தெரிஞ்சதும், இதைச் சொல்லணும்னுதான் அன்னிக்கு உங்க வீட்டுக்கு அம்புட்டு ஆசையா வந்தேன். நீங்க மறுபடியும் நாடியப் பிடிச்சுத் திருப்புனீங்க. தப்பே இல்லன்னு சொன்னவங்களே உத்துப் பார்த்தா, நான் வேற யார்கிட்ட போய்ச் சிரிக்கிறது?"

நான் அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். மனப்பாடம் செய்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "தப்புதான்மா. எனக்கு வேற மாதிரிப் பார்க்கத் தெரியாமப் போச்சு. பழகிக்கிறேன், எனக்குக் கொஞ்சம் நேரம் குடு" என்று மட்டும் சொன்னேன்.  பிறகு உறை விஷயத்தை அவளே எடுத்தாள். எனக்கு வேணும்னு தோணினா என்னைக்காவது நானே போட்டுக்குவேன், கல்யாணத்துக்காகப் போட மாட்டேன், உங்க வீட்டில் அதுக்குச் சம்மதமா என்று நேராகக் கேட்டாள். உன் அத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். "இவளுக்கு வாய் கூடங்க டீச்சர்" என்றார் அவள் அம்மா. இருக்கட்டும், எங்கள் வீட்டில் எனக்கு ஒரு துணை வேண்டும் என்றேன். அன்றைக்கும் அவள் சிரிக்கவில்லை. ஆனால் மினி பஸ் வரை வந்து என்னை ஏற்றிவிட்டாள். திங்கட்கிழமை அவள் உன்னோடு பேசினாள். கோபம் தானாகத் தணிந்தது என்று நினைத்துக்கொண்டு நீ எனக்கு அல்வா வாங்கி வந்தாய். நானும் ஒன்றும் தெரியாதவள் மாதிரித் தின்றேன்.

உனக்கு நான் சொல்ல நினைக்கிற புத்திமதி இதிலேயே பாதி வந்துவிட்டது. உத்தியோகம் நமக்குச் சோறு போடும், கண்ணையும் அதுவே வாங்கிக்கொள்ளும். நான் எல்லாரிடமும் பல்லைப் பார்த்தேன். நீ பேங்கில் இருக்கிறாய். நாளைக்கு மாமனார் வயலைப் பற்றிப் பேசினால் உனக்குள் கடன் மனு ஓட ஆரம்பிக்கும், ஜாக்கிரதை. இன்னொன்று, அவளிடம் என்றைக்கும் "பரவாயில்ல, எனக்கு நீ அழகுதான்" என்று சொல்லிவிடாதே. பரவாயில்லை என்றாலே ஏதோ குறை இருக்கிறது, நான் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தேன் என்று அர்த்தம். உன் அப்பா என்னிடம் ஒரு நாளும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. நான் வீட்டில் இல்லாததை அவர் மன்னித்ததே இல்லை. மன்னிக்க வேண்டிய விஷயமாகவே அவர் அதை நினைக்கவில்லை. அவரைப் பார்த்துக் கற்றுக்கொள், என்னைப் பார்த்து வேண்டாம்.

நேற்று மத்தியானம் சுகந்தி எனக்குப் போன் செய்தாள். "அத்தே" என்றாள். அதுவரை மேடம்தான். உன் சிநேகிதர்கள் மேலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கட்டுவதற்கு ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்திருக்கிறார்களாம், கடைக்காரர் ஒரு மாதிரிப் படம் அனுப்பியிருக்கிறார், அதில் அவள் பல்லை வெளுத்துவிட்டாராம். "எனக்கு லீவு இல்ல அத்தே. நீங்க போய்ச் சொல்றீங்களா?" என்றாள். அந்தப் பெண் என்னிடம் கேட்ட முதல் உதவி. ஓட்டமும் நடையுமாகப் போய் மேலூர் பஸ்ஸைப் பிடித்தேன். கடையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர், "கறையை எடுத்துட்டேன் மேடம், பளிச்சுன்னு இருக்குல்ல?" என்றார். அது கறை இல்லை தம்பி, இருந்த மாதிரியே போட்டுக் குடுங்க என்றேன். பொண்ணு வீட்டில் சண்டைக்கு வருவாக என்று தயங்கினார். பொண்ணுதான் அனுப்பிவிட்டுச்சு, நான் மாப்பிள்ளைக்கு அம்மா என்றதும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பழைய படத்தை எடுத்தார். நீ என்ன சொல்லிச் சிரிக்க வைத்தாயோ, அதில் அப்படி ஒரு சிரிப்பு. எனக்குள் வழக்கம்போல எண் விழப் பார்த்தது. சும்மா இரு என்று அதட்டினேன். கொஞ்சம் அடங்கியது. முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு அவர் கேட்டார்: "பொண்ணு பேருக்குக் கீழ ஊர் பேரு வரணும்னு சொல்லிருக்காங்க. இந்த அளவு போதுமா மேடம், இன்னும் பெருசாப் போடவா?" நான் திரையைப் பார்த்தேன். அந்த ஊர்ப் பெயர். எந்தக் கட்டுரையிலும் நான் எழுதாதது, உன் அப்பாவிடம்கூடச் சொல்லாதது, இந்தக் கடிதத்தில்கூட என் கை எழுத மறுப்பது. அதைச் சொல்லுகிற உரிமை எனக்கு ஒரு நாளும் இருந்ததில்லை, கதிர். அவளுக்கு இருந்தது.

இன்னும் பெருசாப் போடுங்க என்றேன்.

சாயந்திரமே கட்டிவிட்டார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தேன். அந்தச் சிரிப்பும் அதற்குக் கீழே அந்த ஊர்ப் பெயரும் போகிற பஸ் வருகிற பஸ் எல்லாவற்றுக்கும் தெரிந்தது. மதுரை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறலையா என்று கேட்டார். அடுத்த பஸ்ஸில் வாரேன், நீங்க போங்க அண்ணே என்றேன்.

அம்மா